காப்பியும் நாமும்

தமிழர் ஊர் விட்டு ஊர் சென்றால் முதலில் எதைத் தேடுவர்? கோயிலைத் தேடுவர் என்று சிலர் கூறுவர். தமிழ்ப் பள்ளியைத் தேடுவர் என்று வேறு சிலர் கூறுவர். இரண்டும் உண்மையே. ஆயினும் அவ்விரண்டுக்கும் முன்னதாக, வந்து இறங்கிய மறுநாட் காலையிலேயே, காப்பித் தூள் அரைத்துத் தரும் கடை எங்குள்ளது என்று நாம் விசாரிக்கத் தொடங்கிவிடுகிறோம் என்பதை நம் சங்க அன்பர் எவரும் மறுக்கமாட்டார். பம்பாயில் மாதுங்காவானாலும், டில்லியில் கரோல்பாக் ஆனாலும், கல்கத்தாவில் லேக் மார்க்கெட் ஆனாலும், தமிழர் வாழும் தெருவை வறுத்த கொட்டையின் மணமே நமக்குக் காட்டிக் கொடுத்து வந்திருக்கிறது.

இவ்வளவு உரிமையுடன் நம்முடையது என்று நாம் கொண்டாடும் இப்பானத்தை நம் முன்னோர் அறியார். சங்கப் புலவர் அறியார், கம்பர் அறியார், தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய சிற்பிகளும் அறியார். விடியற்காலையில் நீராகாரம் பருகி வயலுக்கும் வாணிபத்துக்கும் சென்றவர்கள் அவர்கள். நம் வீட்டுப் பழக்கங்களுள் மிகப் பழையது போல் தோன்றும் காப்பி, உண்மையில் மிகப் புதியவற்றுள் ஒன்று. நம்மைப் போலவே அதுவும் ஊர்விட்டு ஊர் வந்து குடியேறியது. அக்குடியேற்றத்தின் கதையை நாம் அறிந்துகொள்வது நன்று. அதில் சுவையான செய்திகள் பல உண்டு. நாம் சற்று நின்று எண்ணவேண்டிய செய்திகளும் சில உண்டு.

ஆடும் துறவியும்

காப்பிச் செடியின் தாயகம் ஆப்பிரிக்காவிலுள்ள எத்தியோப்பியா. அங்கே கால்டி என்ற இடையன் தன் ஆடுகள் ஒருவகைச் செம்பழத்தைத் தின்றுவிட்டு இரவெல்லாம் துள்ளியாடக் கண்டு, தானும் தின்று பார்த்தான் என்ற கதையைப் பலர் கேட்டிருப்பர். கேட்க இனிய கதைதான். ஆனால் அது ஏட்டில் ஏறியது 1671இல், ரோமாபுரியில் அச்சான ஒரு நூலில்தான். ஆதலால் அதனை வரலாறு என்று கொள்வதற்கில்லை.

வரலாறு நமக்கு உறுதியாகக் காட்டுவது செங்கடலுக்கு அப்பாலுள்ள ஏமன் நாட்டை. பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த சூபித் துறவிகள், இரவு முழுவதும் கண் விழித்து இறைவனைத் தியானிப்பதற்குத் துணையாகக் காப்பியைப் பருகினர். ‘கஹ்வா’ என்பது அவர்கள் அதற்கு இட்டு வழங்கிய பெயர். அதுவே துருக்கியர் வாயில் ‘கஹ்வே’ என்றும், டச்சுக்காரர் வாயில் ‘கோபி’ என்றும், ஆங்கிலேயர் வாயில் ‘காபி’ என்றும் ஆயிற்று. நம் வாயில் காப்பியாய் நிலைத்தது. நம் தனித்தமிழ் அன்பர் சிலர் இதற்குக் ‘குளம்பி’ என்றும், ‘கொட்டை வடிநீர்’ என்றும் பெயர் சூட்டிப் பார்த்தனர். கொட்டையின் வடிவம் ஆவின் குளம்பை ஒத்திருப்பதால் முற்கூறிய பெயர் பொருத்தமானதே. எனினும் விடியற்காலையில் எழுந்து, ‘ஒரு தம்ளர் குளம்பி கொடு’ என்று கேட்கும் தமிழரை நாம் இதுகாறும் கண்டதில்லை.

தடையும் விடையும்

காப்பி சென்ற இடமெல்லாம் அதனைக் கண்டு அஞ்சியவர்கள் இருந்தனர். 1511இல் மெக்கா நகரின் அதிகாரியாக இருந்த கைர் பேக் என்பவர், இரவில் மக்கள் கூடிக் காப்பி பருகுவதைக் கண்டு ஐயுற்றார். சட்டம் கற்றோரையும் மருத்துவரையும் கூட்டி ஆராய்ந்து, காப்பி விலக்கத்தக்கது என்று தீர்ப்புப் பெற்றார். கொட்டைகள் தெருவில் எரிக்கப்பட்டன. ஆனால் அவருக்கு மேலிருந்த கெய்ரோ நகரத்துச் சுல்தானே காப்பிப் பிரியர். ஆகவே அத்தடை நெடுநாள் நிற்கவில்லை. பின்னர் 1633இல் துருக்கிச் சுல்தான் நான்காம் முராது தம் தலைநகரின் காப்பிக் கடைகளை மூடச் செய்தார். அதனாலும் காப்பி ஒழியவில்லை.

இங்கிலாந்தில் நிகழ்ந்தது இன்னும் வேடிக்கையானது. 1652இல் லண்டனில் முதற் காப்பிக் கடை தோன்றியது. ஒரு பென்னி கொடுத்தவர் எவரும் உள்ளே சென்று அமரலாம், பருகலாம், செய்தித்தாள் படிக்கலாம், படித்தவரோடு வாதிடலாம். அதனால் அக்கடைகளைப் ‘பென்னிப் பல்கலைக்கழகம்’ என்று மக்கள் அழைத்தனர். கப்பல் வணிகர் கூடிய எட்வர்டு லாயிடு என்பவரின் காப்பிக் கடையே பிற்காலத்தில் லாயிட்ஸ் என்னும் உலகப் புகழ் வாய்ந்த காப்பீட்டு நிலையமாக வளர்ந்தது. இவ்வாறு குடிமக்கள் கூடிப் பேசுவது அரசுக்கு ஆகாது என்று கருதிய இரண்டாம் சார்லசு மன்னர், காப்பிக் கடைகளை மூடுமாறு 1675ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் ஆணையிட்டார். ஊரெங்கும் எழுந்த கூக்குரலைக் கேட்டு, ஆணை நடைமுறைக்கு வருமுன்பே ஜனவரியில் அதனைத் திரும்பப் பெற்றார்.

இவ்வரசர்கள் அஞ்சியது பானத்தை அன்று. உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்ற வேறுபாடின்றி மனிதர் ஒரே பலகையில் அமர்வதையே அவர்கள் அஞ்சினர். இதனை நாம் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் நம் நாட்டுக் கதைக்கு வரும்போது இது பயன்படும்.

ஏழு விதைகள்

ஏமன் நாட்டு மோக்கா துறைமுகம் ஒரு காலத்தில் உலகின் காப்பிச் சந்தையாக விளங்கியது. முளைக்கக் கூடிய விதை வெளியே செல்லாதவாறு அரபு வணிகர் காத்து வந்தனர் என்பர். அக்காவலைக் கடந்து விதையை இந்நாட்டுக்குக் கொணர்ந்தவர் பாபா புடன் என்ற முஸ்லிம் பெரியார். பதினேழாம் நூற்றாண்டில் மெக்கா யாத்திரை சென்று திரும்புகையில் ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து, கன்னட நாட்டுச் சிக்கமகளூருக்கு அருகே சந்திரகிரி மலையில் நட்டார் என்பது வழிவழி வந்த செய்தி. அம்மலை இன்றும் பாபா புடன் கிரி என்றே வழங்குகிறது. அங்குள்ள குகைத் தலத்தில் இந்துக்கள், முஸ்லிம்கள் ஆகிய இரு சமயத்தாரும் வழிபடுகின்றனர். அம்மலையில் விளையும் அராபிகா காப்பிக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்திய மண்ணில் வேரூன்றிய செடி இங்கேயே நின்றுவிடவில்லை. மலையாளக் கரையிலிருந்த டச்சுக்காரர் 1696இல் இங்கிருந்து ஜாவாத் தீவுக்குக் கன்றுகளை அனுப்பினர். அவை வெள்ளத்தில் அழிந்தன. 1699இல் மீண்டும் அனுப்பியவை தழைத்தன. ஜாவாவிலிருந்து ஒரு செடி 1706இல் ஆம்ஸ்டர்டாம் நகரத் தோட்டத்துக்குச் சென்றது. அதன் வழித்தோன்றல் ஒன்று 1714இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்குக் காணிக்கையாயிற்று. அவ்வழியே மேலைத் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் காப்பி பரவியது. 1727இல் பிரேசில் அதனைப் பெற்றது. இன்று உலகிலேயே மிகுதியாகக் காப்பி விளைவிக்கும் நாடு பிரேசில்தான்.

இப்பரவலின் மறுபக்கம் இருண்டது. இன்று ஹெய்ட்டி என வழங்கும் பிரெஞ்சுத் தீவில், 1780களில் உலகக் காப்பியின் பாதியளவு விளைந்தது. விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். 1791இல் அவர்கள் கிளர்ந்தெழுந்து, பின்னர் விடுதலை பெற்றனர். பிரேசிலிலோ அடிமை முறை ஒழிய 1888 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கண்டிச் சீமையில்

தமிழருக்கும் காப்பிக்கும் ஏற்பட்ட முதற் பெருந்தொடர்பு அடுக்களையில் ஏற்பட்டதன்று, தோட்டத்தில் ஏற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலேயர் இலங்கையின் கண்டி மலைகளில் காப்பித் தோட்டம் அமைத்தனர். பழம் பறிக்கும் பருவத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னே ஏழை மக்கள் திரள் திரளாகச் சென்றனர். பாக் நீரிணையைப் படகில் கடந்து, மன்னாரில் இறங்கி, நூறு மைலுக்கும் மேற்பட்ட காட்டு வழியை நடந்தே கடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர்.

1869இல் அத்தோட்டங்களில் ஒரு நோய் காணப்பட்டது. இலையின் அடிப்புறத்தில் துரு ஏறியது போன்ற மஞ்சள் பொடி படியும், பிறகு இலை உதிரும், செடி நலியும். இந்த இலைத்துரு நோய் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் காப்பியைத் துடைத்துவிட்டது. துரைமார் தேயிலைக்கு மாறினர். ‘சிலோன் டீ’ பிறந்த கதை இதுதான். காப்பிக்காக வந்து சென்ற தமிழர், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலைக்காக அங்கேயே தங்கினர். அவர்தம் வழியினர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கையின்படி பல்லாயிரவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஒரு சிறு பூஞ்சைக் காளான் எத்தனை குடும்பங்களின் தலையெழுத்தை மாற்றியது, பாருங்கள்!

நம் நாட்டிலும் குடகு, சிக்கமகளூர், வயநாடு, நீலகிரி, சேர்வராயன் மலை, பழனி மலை ஆகிய இடங்களில் காப்பித் தோட்டங்கள் பெருகின. இன்று இந்தியக் காப்பியில் பத்தில் ஏழு பங்கு கருநாடகத்தில் விளைகிறது, அடுத்தது கேரளம், அதற்கடுத்தது தமிழ்நாடு. இங்கே காப்பி வெட்ட வெளியில் வளர்வதில்லை. பெருமரங்களின் நிழலில், அவற்றைத் தழுவிய மிளகுக் கொடியுடன் சேர்ந்து வளர்கிறது. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் பெய்யும் ஒரு மழைக்கு மலை முழுவதும் வெண்பூ பூத்து மல்லிகை போல் மணக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் பறிப்பர். பறிப்பது இயந்திரமன்று, கைகளே. அக்கைகளுள் பெரும்பாலானவை பெண்களுடையவை.

கிளப்பும் பலகையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் காப்பி தமிழர் இல்லங்களுள் புகுந்தது. பழைய சோற்றையும் நீராகாரத்தையும் அது மெல்ல மெல்ல வெளியே தள்ளியது. பெரியவர்கள் வெகுண்டனர். கள்ளுக்கு அடுத்த கேடு காப்பி என்று எழுதியவர் உண்டு. உடல் நலிவுக்கும் வீட்டுக் கடனுக்கும் அதுவே காரணம் என்று இடித்துரைத்தவர் உண்டு. காந்தியடிகளும் தேநீர், காப்பி இரண்டையும் விட்டொழிக்கவே அறிவுரை கூறினார். ஆயினும் காப்பி வென்றது. விருந்தினரை ‘வாருங்கள்’ என்று சொன்ன மறுகணமே ‘காப்பி சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்பது தமிழ்ப் பண்பாகிவிட்டது. கேளாவிடில் குறை, கேட்டும் பருகாவிடில் அதனினும் பெருங்குறை.

ஊர் தோறும் ‘காப்பி கிளப்’ தோன்றின. ஆனால் லண்டனில் ஒரு பென்னி செய்த வேலையை இங்கே ஓரணா செய்யவில்லை. பல கிளப்புகளின் வாயிலில் சாதிப் பெயர் பொறித்த பலகை தொங்கியது. உள்ளே சிலருக்குத் தனி இடம். சிலருக்கு உள்ளே இடமே இல்லை. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் உணவு விடுதியின் முன் பெரியார் நடத்திய மறியல் இத்தகைய பலகையை எதிர்த்தே நிகழ்ந்தது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைத் தம்ளர் முறை அதன் பின்னரும் நெடுங்காலம் நிலவியது.

இதே காலத்தில் மற்றொரு நற்செய்தியும் உண்டு. இந்தியக் காப்பியை விளம்பரம் செய்வதற்காக, 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழித் தோன்றிய காப்பி வரிக் குழு, 1936இல் பம்பாயில் முதல் இந்தியா காப்பி ஹவுஸைத் திறந்தது. உலகப் போரால் ஏற்றுமதி நின்றபோது, 1942இல் புதுச் சட்டம் வந்து, விளைச்சலையெல்லாம் காப்பி வாரியமே திரட்டி விற்கும் ஏற்பாடு உறுதியாயிற்று. அவ்வேற்பாடு 1996 வரை நீடித்தது. 1950களில் வாரியம் தன் காப்பி ஹவுஸ்களை மூட முற்பட்டபோது, வேலையிழக்க இருந்த பணியாளர்கள், ஏ. கே. கோபாலன் அவர்களின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துத் தாமே அவற்றை ஏற்று நடத்தினர். 1957 ஆகஸ்டில் பெங்களூரிலும், அக்டோபரில் டில்லியிலும் அவை தொடங்கின. விசிறி மடிப்புத் தலைப்பாகை அணிந்து நம் மேசைக்குக் காப்பி கொணர்பவரே கடைக்கும் பங்காளர் என்பது எத்துணைச் சிறப்பு! அங்கே பேராசிரியரும் மாணவரும், அமைச்சரும் எழுத்தரும் ஒரே வகைக் கோப்பையில் பருகினர்.

எங்கள் இல்லத்தில்

எங்கள் தந்தையார் 1961இல் மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகச் சேர்ந்து டில்லிக்கு வந்தார். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் அவர் கொணர்ந்த தகரப் பெட்டியில் நான்கு வேட்டியும் ஒரு பித்தளைக் காப்பி பில்டரும் இருந்தன. கரோல்பாக்கில் மொட்டை மாடியில் ஒற்றை அறையை நால்வராக எடுத்துத் தங்கினர். வீட்டுக்காரர் குடும்பத்தினர் கெட்டவர்கள் அல்லர். பண்டிகை நாட்களில் அழைத்துத் தேநீர் கொடுப்பர். ஆனால் ‘மதராசி’ப் பிள்ளைகளுக்கென்று ஒரு தனிக் கோப்பை மாடிப்படி மாடத்தில் இருக்கும். பருகியபின் தாமே கழுவி அங்கேயே கவிழ்த்து வைக்கவேண்டும். இதனைத் தந்தையார் சினந்து சொன்னதில்லை; சிரித்துக்கொண்டே சொல்வார். ஆயினும் ஐந்தாண்டுகள் கழித்து மணமாகி வந்த எங்கள் அன்னையாருக்கு, அச்சிரிப்பின் உள்ளே இருந்தது யாது என்பது தெரிந்திருந்தது.

லோதி காலனியில் அரசாங்கக் குடியிருப்புக் கிடைத்தபின் பாட்டியாரும் எங்களுடன் வந்து தங்கினார். அக்காலத்தில் காப்பித் தூள் என்பது பொன்னுக்கு நிகர். ஊருக்குச் சென்று வருபவர் எவராயினும் இரண்டு பவுண்டு கொணர வேண்டும் என்பது எழுதாச் சட்டம். டில்லிப் பால் திட்டத்துச் சாவடியில் விடியுமுன் வரிசையில் நின்று வாங்கிய பாலில், பாட்டியார் போடும் காப்பி கள்ளிச் சொட்டாய் இருக்கும்.

பாத்திரம் துலக்க ஓர் அம்மையார் வருவார். பாராபுல்லா ஓடைக்கரையில், மதராசி கேம்ப் என்று பெயர் பெற்ற குடிசைப் பகுதியில் வாழ்ந்த தமிழர், சேலம் மாவட்டத்தவர். அவருக்கென்று ஓர் ஒடுங்கிய அலுமினியத் தம்ளர் பின்கட்டு மாடத்தில் கவிழ்ந்திருக்கும். ஊரில் எப்படியோ அப்படியே இங்கும் என்பது பாட்டியாரின் எண்ணம்.

ஒரு ஜனவரிக் காலை. மூடுபனி சன்னலை மூடியிருந்தது. நாங்கள் மூவரும் பள்ளிக்குப் புறப்பட ஆயத்தமாக அடுக்களை வாயிலில் நின்றோம். அன்னையார் காப்பியை ஆற்றித் தம்முடைய எவர்சில்வர் தம்ளரில் ஊற்றி அவ்வம்மையார் கையில் கொடுத்தார். பிறகு மாடத்திலிருந்த ஒடுங்கிய தம்ளரை எடுத்துக் கழுவித் தமக்கு ஊற்றிக்கொண்டார்.

“அது உன் தம்ளர் அல்லவா?” என்றார் பாட்டியார்.

“ஆமாம் அத்தை. எதில் குடித்தால் என்ன, காப்பி ஒன்றுதானே?” என்றார் அன்னையார்.

வேறு பேச்சில்லை. மறுநாளும் அவ்வாறே, அதற்கு மறுநாளும் அவ்வாறே. தம் மருமகள் ஒடுங்கிய தம்ளரில் பருகுவதைப் பாட்டியாரால் பார்த்துக்கொண்டிருக்க இயலவில்லை. நான்காம் நாள் பழம்பாத்திரம் வாங்குபவன் தெருவில் கூவியபோது, அத்தம்ளரைத் தாமே எடுத்துச் சென்று எடைக்குப் போட்டுவிட்டு வந்தார். “அதில் காப்பி சீக்கிரம் ஆறிப்போகிறது” என்பது அவர் கூறிய காரணம். அன்னையார் தலையசைத்தாரேயன்றிச் சிரிக்கவில்லை.

அதன் பின்னரே பாட்டியார் அவ்வம்மையாரிடம் ஊர், உறவு பற்றியெல்லாம் விசாரித்தார். “ஏற்காட்டுத் தோட்டத்திலே சின்ன வயசிலே பழம் பறிச்சிருக்கேம்மா. கூடை கூடையா பறிச்சிருக்கேன். ஆனா காப்பின்னு ஒண்ணு குடிச்சது டில்லி வந்துதான்” என்றார் அவர். பாட்டியார் சற்று நேரம் பேசாதிருந்தார். நாம் பருகும் காப்பியின் தொடக்கத்தில் நின்ற கைகளே அதன் முடிவில் நம் பாத்திரத்தையும் துலக்கிக்கொண்டிருந்தன என்பது அன்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விளங்கியது.

அம்மதராசி கேம்ப் இன்று இல்லை. ஓடையைச் செப்பனிடுவதற்காக 2025ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அங்கிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட குடிசைகள் இடிக்கப்பட்டன. ஒரு பகுதியினருக்கே மாற்று வீடு ஒதுக்கப்பட்டது. அதுவும் நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில். அங்கிருந்து தென் டில்லிக்கு வந்து வீட்டு வேலை செய்து திரும்புவது எளிதன்று. டில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் தமிழ் பயின்று வந்த அவர்தம் பிள்ளைகளின் படிப்பும் கேள்விக்குள்ளாயிற்று. நம்மைப் போலவே பிழைப்புத் தேடி வந்த தமிழர்தாம் அவர்களும். வேறுபாடு ஒன்றே: நாம் எழுதுகோலுடன் வந்தோம், அவர்கள் வெறுங்கையுடன் வந்தனர்.

காப்பி போடும் முறை

இனி, இல்லத்தரசியருக்கும், இந்நாளில் அடுக்களைப் பொறுப்பை மகிழ்ந்து ஏற்கும் ஆடவருக்கும் பயன்படும் சில செய்திகள்.

நம் கடைகளில் விற்கும் கொட்டை பெரும்பாலும் இருவகைச் செடிகளினுடையது. அராபிகா மணம் மிக்கது. ரோபஸ்டா கசப்பும் திண்மையும் மிக்கது. ரோபஸ்டாவில் காபீன் என்னும் ஊக்கப்பொருள் ஏறத்தாழ இருமடங்கு உண்டு. கடைக்காரர் ‘பிளாண்டேஷன்’ என்பது கழுவிப் பதப்படுத்திய அராபிகாவை. ‘செர்ரி’ என்பது பழத்தோடு உலர்த்தியதை. ஒரு பழத்தில் இயல்பாக இரு விதைகள் தட்டையான முகத்தோடு ஒட்டியிருக்கும். சில பழங்களில் ஒன்றே உருண்டையாய் விளையும். அதுவே ‘பீபெரி’. உருண்டையாதலால் அது சீராக வறுபடும் என்று விரும்புவோர் பலர்.

சிக்கரி என்பது காப்பியன்று. ஒருவகைச் செடியின் கிழங்கு. அதனை வறுத்துப் பொடிப்பர். நெப்போலியன் 1806இல் ஆங்கிலேய வாணிபத்தைத் தடுத்தபோது ஐரோப்பாவில் காப்பிக்குப் பஞ்சம் வந்தது. அப்போது இது பெரிதும் பரவியது. நம் நாட்டில் இது குஜராத்தில் மிகுதியாக விளைகிறது. கும்பகோணத்துக் காப்பிக்கும் குஜராத்துக் கிழங்குக்கும் இத்தகைய உறவு இருப்பதை நம் பரோடா, ஆமதாபாத் அன்பர்கள் பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம். சிக்கரியில் காபீன் இல்லை; நிறமும் கெட்டியும் தருவதே அதன் பணி. கலப்புத் தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பது சட்டம். ஆதலின் பொட்டலத்தின் மேல் அச்சிட்டுள்ள அளவைப் படித்தே வாங்குக. எண்பதுக்கு இருபது என்பது பல வீடுகளில் வழங்கும் அளவு.

தூளைச் சிறிது சிறிதாக வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நன்று. பில்டரின் மேற்பாத்திரத்தில் தூளை இட்டு, குடை போன்ற தட்டால் மெல்ல அமுக்கி, நன்கு கொதித்த நீரைச் சுற்றிலும் ஊற்றி மூடிவிட வேண்டும். அவசரப்பட்டுத் தட்டினால் டிகாக்ஷன் நீர்த்துப் போகும். டிகாக்ஷனை அடுப்பிலேற்றிச் சுடவைத்தல் ஆகாது. பாலைக் கொதிக்கவைத்து அதில் சேர்ப்பதே முறை. டபராவுக்கும் தம்ளருக்குமாக ஆற்றுவது அழகுக்காக மட்டுமன்று. சர்க்கரை கரையும், சூடு நாவுக்கு இசையும், நுரையும் எழும்.

காபீன் உடலில் செய்வது யாது? உழைக்க உழைக்க நம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து, ‘இனி ஓய்வு கொள்’ என்று உணர்த்துகிறது. அப்பொருள் சென்று அமரும் இடத்தில் காபீன் முன்னதாக அமர்ந்துகொள்கிறது. ஆகவே காப்பி களைப்பைப் போக்குவதில்லை. களைப்பு நமக்குத் தெரியாமல் மறைக்கிறது. பருகியதில் பாதியளவு உடலை விட்டு நீங்கச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்கு மேல் பருகிவிட்டு உறக்கம் வரவில்லையென்று வருந்துவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. கருவுற்ற மகளிரும், இதய நோயுள்ளோரும் அளவு பற்றி மருத்துவரைக் கேட்டு நடத்தல் நலம்.

நாம் செய்யத்தக்கது

அரபுத் துறவி, எத்தியோப்பிய உழவர், கன்னட மலைவாணர், குஜராத்துக் குடியானவர், சேலத்துப் பழம்பறிக்கும் பெண் ஆகிய இத்தனை பேருடைய உழைப்பும் சேர்ந்ததே நாம் காலையில் பருகும் ஒரு தம்ளர் காப்பி. இதில் எது நம்முடையது என்று கேட்டால், பில்டரும் டபராவும் நம்முடையவை. விருந்தினரைக் கண்டதும் அதனை நீட்டும் அன்பும் நம்முடையது. அவ்வன்பு ஆள் பார்த்து அளக்கப்படுமாயின், நம்முடையது என்று பெருமை கொள்ள நமக்கு ஒன்றும் எஞ்சாது.

ஆகவே நம் அன்பர்களுக்கு இரு விண்ணப்பங்கள். முதலாவது, இல்லத்தில் பணி செய்ய வருபவருக்கென்று பின்கட்டிலோ சன்னல் மேட்டிலோ ஒரு தனித் தம்ளர் இன்னும் எங்கேனும் இருக்குமாயின், அதனை இந்த வாரமே அகற்றிவிடுக. இரண்டாவது, நரேலாவுக்குச் சென்ற நம் மக்களின் பிள்ளைகள் தமிழ்ப் படிப்பை விட்டுவிடாதிருக்க, பேருந்துக் கட்டணத்துக்கோ பாடநூலுக்கோ தம்மால் இயன்றதைச் செய்ய முன்வருவோர் சங்கச் செயலாளரிடம் தம் பெயரைத் தருக. அதற்கென ஒரு சிறு குழு அமைத்தால் நன்று.

வரும் பொங்கல் விழாவிலும் வழக்கம் போல் சங்க மண்டபத்தில் காப்பி உண்டு. பந்தல் கட்டியவரும், பாத்திரம் துலக்கியவரும், மண்டபம் பெருக்கியவரும் நம்முடன் ஒரே வரிசையில் அமர்ந்து முதல் டிகாக்ஷன் காப்பியைப் பருகட்டும். இரண்டாம் டிகாக்ஷன் மிஞ்சினால் நாம் பருகிக்கொள்வோம்.